பனியன் வேஸ்ட் சுற்றிய இன்ஜின்

நங்கை,

இன்று காலை யூனிட்டுக்கு வரும் வழியில், அருள்புரம் பிரிவுக்குச் சற்று முன்னால் ஒரு சரக்கு வண்டி நின்றுபோயிருந்தது. டிரைவர் ஃபில்டரின் தலையில் இருந்த திருகைத் தளர்த்திவிட்டுக் கை பம்பை அமுக்கிக்கொண்டிருந்தார். திருகின் இடுக்கில் வெள்ளையாக நுரை பொங்கி வழிந்தது. அந்த டீசல் வாசனை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டேன்.

"என்னங்கக்கா பாக்கறீங்க?" என்றார் அவர்.

"நுரை நிக்குதான்னு பாக்கறேனுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நரைத்த தலையோடு ஒரு பொம்பளை ரோட்டோரம் நின்று இன்ஜினை வேடிக்கை பார்த்தால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நுரை குறைந்து, கொழகொழவென்று சுத்தமான டீசல் வந்ததும் அவர் திருகை முடுக்கினார். செல்ப் அடித்தார். வண்டி பிடித்துக்கொண்டது. எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது. யூனிட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு, உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. நான் ஊத்துக்குளியில் புருசன் வீட்டை விட்டு, ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அண்ணன் வீடுதான். ஆனாலும் அண்ணன் வீடு என்பது அண்ணன் பெண்டாட்டியின், நங்கையின் வீடு என்று எல்லாத் தங்கைகளுக்கும் தெரியும். காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்து பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவேன். இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

நான் வந்த சில வாரத்திலேயே அண்ணன் பல்லடம் ரோட்டில் பைக்கோடு சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். சின்ன தையல் யூனிட் நம்முடையது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றிடமிருந்து வெட்டிய துணி வரும், தைத்து அனுப்ப வேண்டும். "நீயும் வா அம்மிணி, ஒருத்தியா எனக்கு ஆகாது" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். உங்களுக்கும் யூனிட் நடப்பு பெரிதாகத் தெரியாது, எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

அது மின்வெட்டுக் காலம். காலையில் டெய்லர்கள் வந்து மிஷினில் உட்காரவும் கரண்ட் போகவும் சரியாக இருக்கும். பின்பக்கத் தகரக் கொட்டகையில் அண்ணன் வாங்கிப் போட்டிருந்த பழைய ஜெனரேட்டர் இருந்தது. அதுதான் நம்மைச் சோதித்தது.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிக்காது. பாட்டரி களைத்து, சுற்றுகிற சத்தம் முனகலாகிவிடும். டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் கணக்கில் வேலை செய்கிறவர்கள். மிஷின் ஓடாத நேரம் அவர்களுக்கு வெறும் நேரம். தேனிப் பக்கமிருந்து வந்திருந்த பாண்டியம்மாள்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினாள். "அக்கா, ஒங்கள குத்தம் சொல்லல. ஆனா தெனமும் இப்பிடியே உக்காந்திருந்தா நாங்க எப்பிடிப் பொழைக்கிறது? பக்கத்துக் கம்பெனியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

சேவியர் வந்தார். நம் பகுதி ஜெனரேட்டர்களுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். அந்த மின்வெட்டில் அவருக்குச் சாப்பிட நேரமில்லை. செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் புகைக் குழாயைப் பார்த்தார்.

"புகையே வரலீங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியலைன்னு அர்த்தம். ஒன்னுமே வரலைன்னா டீசலே போய்ச் சேரலைங்க. ஏர் புடிச்சிருக்குது."

பிறகு அவர் இன்று அந்த டிரைவர் செய்ததைத்தான் செய்தார். திருகைத் தளர்த்தி, இன்ஜின் பக்கவாட்டில் இருந்த கை பம்பை அமுக்கி அமுக்கி நுரையை வெளியேற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அன்று முழுதும் நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் ஒரே சாவியில் பிடித்தது. மறுநாள் காலை பழையபடி சுற்றியது, பிடிக்கவில்லை.

தினமும் சேவியரை எதிர்பார்க்க முடியாது என்று அந்த வேலையை நாமே கற்றுக்கொண்டோம். நீங்கள் ஸ்பானர் பிடிக்க, நான் கை பம்பை அமுக்குவேன். கை வலித்தால் மாற்றிக்கொள்வோம். நுரை நின்றதும் "ம், கட்டு" என்பீர்கள். டீசல் கையோடு உள்ளே போனால் பாண்டியம்மாள் வாசலிலேயே மறிப்பாள். "வெள்ளத் துணிக்கா. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்பாள். முதலாளி வீட்டுப் பொம்பளைகள் இரண்டு பேரும் அவளிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம்.

நான் அதோடு விட்டிருப்பேன். காலையில் கொஞ்ச நேரம் வீணாகிறது, போகட்டும், இப்படியே ஓட்டலாம் என்பது என் சுபாவம். நீங்கள்தான் விடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மிணி, அந்தக் காத்து எப்ப உள்ள போகுது? பகல்ல போகலை. நாம ஊட்டுக்குப் போன பொறவு போகுது. ஏன் நம்மளைப் பாத்தா மட்டும் போக மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள். அண்ணன் கட்டிலில் இருந்து சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

முதலில் டீசலைச் சந்தேகப்பட்டீர்கள். தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தீர்கள். அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. "பாவம், பங்க்குக்காரரை மனசுக்குள்ள திட்டிப்போட்டேன்" என்று பாட்டிலைத் திருப்பித் தொட்டியில் ஊற்றினீர்கள்.

சேவியர் ஃபில்டரை மாற்றினார், வாஷர்களை மாற்றினார், பைப் இணைப்புகளை எல்லாம் முடுக்கினார். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில், "இனி பம்ப்பைத்தான் கழட்டோணுங்க. உள்ள தேஞ்சிருக்கும். கோயமுத்தூர்ல பெஞ்ச்ல வெச்சு டெஸ்ட் பண்ணித்தான் தருவாங்க. ஒரு வாரம் பக்கம் ஆகும்" என்றார்.

டீசலை அளந்து அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புகிற பம்ப் அது. அது இல்லாமல் இன்ஜின் ஒரு இரும்புக் குப்பை. ஒரு வாரம் ஜெனரேட்டர் இல்லை என்றால் டெய்லர்கள் இருக்க மாட்டார்கள். கம்பெனியிலிருந்து ஏற்கெனவே ஆள் வந்து, டெலிவரி தள்ளிப்போனால் துணியைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துணி போனால் திரும்பி வராது. அண்ணன் படுத்தபடியே, "மெக்கானிக் சொல்றதைக் கேளு. கழட்டிக் குடுத்துரு" என்றார்.

நீங்கள் சேவியரிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"ஏனுங்க, பம்ப் தேஞ்சிருந்தா பகலெல்லாம் எப்படிங்க ஓடுது?"

"தேஞ்ச பம்ப்பும் ஓடுங்க."

"சூடாச்சுன்னா டீசல் தண்ணியாட்டம் ஆயிருமல்லங்க. தேஞ்ச இடத்துல அது இன்னும் நெம்ப ஒழுகோணுமே. அப்ப மத்தியானம் நிறுத்திப் போட்டாத்தானே புடிக்கக் கூடாது? இது தலைகீழா இருக்குதே."

சேவியர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அது சரிதானுங்க. தேஞ்ச பம்ப்புன்னா சூட்டுலதான் மக்கர் பண்ணோணும்" என்றார். பிறகு, "நான் போற எடத்துல எல்லாம் நின்னுட்டே பாத்துட்டு ஓடறனுங்க. இதை யாராச்சும் உக்காந்து பாக்கோணும். ஞாயித்துக்கெழமை தாண்டட்டும், அப்பறம் கழட்டலாம்" என்றார். அவர் நல்ல மனுசர். கோபப்பட்டிருந்தால் பம்ப் அன்றே கோயமுத்தூர் போயிருக்கும்.

அன்று மாலை நீங்கள் குண்டடத்தில் உங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு கோடையில் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. பைப்பில் எங்கும் ஈரம் இல்லை. கடைசியில் பார்த்தால் உறிஞ்சுகிற பைப்பில் ஒரு மயிரிழை விரிசல். "தண்ணி வெளிய கசியலை அம்மிணி. உறிஞ்சற பக்கம் ஓட்டை இருந்தா காத்தைத்தான் உள்ள இழுக்கும். வெளிய பாத்தா பவுடர் போட்டாப்பல காஞ்சு கெடக்கும்."

"இங்கயும் பைப்புக்குள்ள தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றேன் நான். சும்மா சொன்னதுதான். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே ஒன்று தோன்றியது. பக்கத்தில் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். அதை நான் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை இப்போதும் பார்க்கிறேன். "போ, போய் ஒரு முழம் வாங்கிட்டு வா" என்று என்னைத் தள்ளினீர்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் சொன்ன ஒன்றை யாரோ உடனே செய்தது அதுதான் முதல் தடவை.

தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு வரும் பைப்பில் அந்தக் குழாயைச் சேவியர் நடுவில் பொருத்திக் கொடுத்தார். இன்ஜின் ஓடும்போது டீசல் குமிழி இல்லாமல் பொன் நிறத்தில் போனது. அப்படியென்றால் தொட்டிப் பக்கம் பழுதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத யூனிட்டில், இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டு இரண்டு முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தோம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தகரம் சூட்டில் படபடத்தது. நீங்கள் குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டீர்கள். டீசல் அந்தக் கோட்டில் இருந்தது. வெறும் கையோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது போலிருக்கிறது. நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

என்னை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அடித்தானா? இல்லை. குடித்தானா? இல்லை. வேறு தொடுப்பா? இல்லை. பிறகு எதற்கு வந்தாய் என்பார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. உங்களிடம் அன்று சொன்னேன். கல்யாணமான மறு வருடம் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார். மாட்டோடு பேசுவார், பால்காரரோடு பேசுவார், நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். வருடக்கணக்கில். ஒரு நாள் நானே என் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், காது கேட்கிறதா என்று. அன்றுதான் பையை எடுத்தேன்.

நீங்கள் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அச்சச்சோ என்று சொல்லவில்லை. திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. அப்புறம், "வருசக்கணக்கா எப்படி முடிஞ்சுது அந்த மனுசனால?" என்றீர்கள். "எனக்கு ஒரு மணி நேரம் பேசாம இருந்தா வயிறு வலிக்குது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அப்போது நீங்கள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினீர்கள். ஆறுதலுக்கு என்று நினைத்தேன். "அங்க பாரு" என்றீர்கள்.

டீசல் கோட்டை விட்டு விலகியிருந்தது. குழாயின் இன்ஜின் பக்கம் விரல் நுனியளவு வெற்றிடம். நத்தை நகர்கிற மாதிரி, டீசல் மெல்ல மெல்லத் தொட்டியை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டியோ தரையில், இன்ஜினுக்குக் கீழே இருந்தது. இன்ஜின் பக்கம் எங்கேயோ காற்று நுழைய நுழைய, டீசல் இறங்கிப் போகிறது. மறுநாள் காலைக்குள் பைப்பெல்லாம் காலியாகிவிடும். நாம் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது நம் கண் முன்னால் நடந்தது.

எங்கே நுழைகிறது என்பதுதான் மிச்சம். நீங்கள் முக்காலியில் இருந்து எழுந்து கொட்டகைக் கூரையைப் பார்த்தீர்கள். "அம்மிணி, தொட்டி கீழ இருக்கறதுனால காத்து உள்ள போகுது. டீசலை மேல தூக்கி வெச்சா? அதே ஓட்டையில டீசல் வெளிய வரோணுமல்ல?"

ஒரு கேனில் டீசல் ஊற்றிக் கூரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாயை இன்ஜினுக்குக் கொடுத்தோம். இன்ஜின் முழுக்க எண்ணெயும் அழுக்கும், புதிதாகக் கசிந்தால் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? தையல் டேபிளுக்கு அடியில் மூட்டையாகக் கிடந்த வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை, தைத்து மிஞ்சிய துணித் துண்டுகளை, அள்ளி வந்தோம். டீசல் போகிற ஒவ்வொரு இணைப்பையும் பாகத்தையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டினோம். வேலை முடிந்து பார்த்தால் இன்ஜின் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆள் மாதிரி இருந்தது. "உங்கண்ணனுக்குத் தொணை" என்றீர்கள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஓடினோம். எல்லாத் துண்டும் வெள்ளையாகவே இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் ஊறி, நிறம் மாறி, நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கை பம்பில் கட்டிய துண்டு.

தினமும் காலையில் நாம் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினோமே, அதே கை பம்ப். அதற்குள் இருந்த ரப்பர் தேய்ந்து, அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாம் அமுக்க அமுக்க இன்னும் தேய்ந்திருக்கும். நீங்கள் அந்த ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "மருந்து குடுத்ததே நோவைக் குடுத்திருக்குது பாரு." சாவியைத் திருப்பினேன். கேன் மேலே இருந்ததால் பைப் நிறைந்திருந்தது. இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. சீக்கிரமே வேலைக்கு வந்திருந்த பாண்டியம்மாள் உள்ளேயிருந்து, "இன்னைக்கு என்னக்கா, கரண்டு போறதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்க" என்று குரல் கொடுத்தாள்.

சேவியர் வந்து கை பம்பை மாற்றி, அதன் அடியில் இருந்த சின்ன வால்வையும் சுத்தம் செய்து போட்டார். அவருக்கும் ஒரே ஆச்சரியம். "ஓடறப்ப உள்ள போற துளிக் காத்தை, மிச்ச டீசலைத் திருப்பற ரிட்டர்ன் பைப்பு தொட்டிக்கே அனுப்பிருதுங்க. நிறுத்தி வெச்சாத்தான் சேருது. அதான் பகல்ல தெரியலை" என்று நமக்கும் தனக்குமாகச் சொல்லிக்கொண்டார். போகும்போது அந்தக் கொத்தனார் குழாயில் மீதி இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

துணி திரும்பிப் போகவில்லை. டெய்லர்களும் போகவில்லை. அண்ணன் ஊன்றுகோலோடு கொட்டகைக்கு வந்த அன்று தொட்டி பெஞ்சின் மேல் ஏறியிருந்தது. "கீழ இருந்தா ஊத்த வசதின்னு நான்தான் வெச்சேன்" என்றார். "வசதிதானுங்க" என்றீர்கள். அதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில், யாரும் கேட்காமலே, "அம்மிணி இனி இங்கதான் இருக்கும். கணக்கும் டெஸ்பாட்ச்சும் அது பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணனுக்கு ரசம் ஊற்றினீர்கள். மறுநாள் காலை நான் எழுந்தபோது நீங்கள் எனக்கு முன்னாலேயே பாத்திரத்தைக் கழுவி வைத்திருந்தீர்கள். பிறகு யார் முதலில் எழுந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

அப்புறம் எத்தனை வருடம், எத்தனை ஏன். ஓவர்லாக் மிஷினில் ஏன் இந்த நூல் மட்டும் அறுகிறது, சாயப்பட்டறைத் துணி ஏன் ஆடி மாதம் வேறு நிறமாகத் தெரிகிறது, பீகாரிலிருந்து வந்த பையன் ஏன் வெங்காயத்தைப் பச்சையாகக் கடிக்கிறான். சிலதுக்குப் பதில் கிடைத்தது, பலதுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததைப் பற்றி உங்களுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் உங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன முதல் நாள், பயந்தது நான்தான். உங்கள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டெக்னீசியனிடம் அந்த ஃபில்டரில் புதிதாக ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேட்டீர்கள். அந்தப் பெண் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே முடியை விட மெல்லிசாக ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றும் உள்ளே ஓட்டை உள்ள குழாயாம்.

"ஏனுங் கண்ணு, இது எத்தனை கவுண்ட் நூலு?" என்றீர்கள்.

அவளுக்கு விளங்கவில்லை. நூல் எவ்வளவு மெல்லிசு என்பதை அப்படித்தான் சொல்வோம் என்று நான் விளக்கினேன். அவள் சிரித்து, தெரியாதுங்கம்மா, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ போய் லோடு ஏத்தற வேலையப் பாரு அம்மிணி. எனக்கு இங்க பாக்கறதுக்கு நெறைய இருக்குது."

பக்கத்துப் படுக்கைகளில் உங்களைவிட வயதில் சின்னவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். நீங்கள் கடைசி மாதம் வரைக்கும் விழித்துக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு ஒரு தடவை அங்கே ஒரு வேலையாகப் போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அம்மா கேட்டதுக்கு யார்கிட்ட கேட்டும் பதில் தெரியலீங்க" என்றாள். அவள் உண்மையிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

இப்போது யூனிட் கூரை மேல் சூரிய ஒளித் தகடுகள் போட்டிருக்கிறோம். நீங்கள் பார்த்ததில்லை. போன வாரம் அதைப் பராமரிக்க ஒரு தம்பி வந்தார். நானும் மாடிக்கு ஏறிப் போனேன். முட்டி வலிக்கிறது, ஆனாலும் ஏறினேன். தூசி படிந்தால் எவ்வளவு குறையும், ஒரு தகடு கெட்டால் மற்றவை என்ன செய்யும் என்று என்னுடைய கேள்விகளைக் கேட்டேன். அவர் பதில் சொன்னார். கேள்வி தீர்ந்ததும் இறங்கியிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்று, நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று யோசித்தேன்.

"ஏந் தம்பி, நெலா வெளிச்சத்துல கொஞ்சமாச்சும் கரண்ட் வருமா?"

அவர் கையிலிருந்த துணியோடு நிமிர்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "வராதுன்னுதானுங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றார். வானத்தை ஒரு தடவை பார்த்தார். "ஆனா நான் மீட்டர் வெச்சுப் பாத்ததில்லீங்க. பௌர்ணமிக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

பௌர்ணமிக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, நங்கை. மாடிச் சாவியை எடுத்து வைத்திருக்கிறேன்.